பேசிக்கலிக்கு ஓர் இருமல்

தோழிக்கு அனுப்பிய குரல்பதிவை நானே திரும்பக் கேட்ட அன்றுதான் என் வியாதி எனக்குத் தெரிந்தது. "பேசிக்கலி பசிக்குதுடி" என்று ஒரு பெண் சொல்கிறாள். (பசியில் பேசிக்கலி எங்கிருந்து வந்தது?) அந்தப் பெண் நான்தான்.

அந்தச் சொல்லுக்கு 'அடிப்படையில்' என்று பொருளாம். என் வாயில் அதற்குப் பொருளே கிடையாது. அடுத்த வார்த்தை ஏறும்வரை பஸ் சீட்டில் போட்டுவைக்கும் துண்டு, அவ்வளவுதான்.

அந்த வாரமே திருப்பதியில் ஒரு கோச்சிங் சென்டரில் டெமோ கிளாஸ். எம்.எஸ்ஸி. முடித்து ஒரு வருடம் வீட்டில் கிடந்த எனக்கு வந்த முதல் அழைப்பு. நன்றாக நடத்தினால் இயற்பியல் டீச்சர். இல்லையென்றால் மறுபடியும் வீடு. யாராவது கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, நான் பேசிக்கலி சொல்லும்போதெல்லாம் லேசாக இருமினால் என்ன?

"நான் வரேம்மா. இருமறதுல இன்னா கஷ்டம்?" என்றார் அப்பா. எங்களுக்கு அவர் நைனா.

"லேசா இருமணும் நைனா."

"லேசாத்தாம்மா!"

நகரியில் முப்பது வருடமாக விசைத்தறி ஓட்டுகிறவரின் 'லேசு' எப்படியிருக்கும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் ரகசியத்தைக்கூடத் தறிச் சத்தத்தைத் தாண்டித்தான் சொல்லியாக வேண்டும்.

"குட் மார்னிங். பேசிக்கலி..."

கடைசி பெஞ்சில் லாரி ஸ்டார்ட் ஆனது. பயத்தில் இன்னும் இரண்டு பேசிக்கலி. இன்னும் இரண்டு லாரி. சென்டர் நடத்தும் மேடம் பதறிப்போய்த் தண்ணீர் கொடுத்து, அவரை முன் பெஞ்சில், ஃபேனுக்கு அடியில் உட்காரவைத்தார். நைனா இப்போது என் மூக்குக்கு நேர் எதிரே.

ஒரு மாணவி எழுந்து தெலுங்கில் அர்த்தம் கேட்டாள்: "மேடம், பேசிக்கலி அண்டே ஏன்டி?"

"பேசிக்கலி அண்டே... பேசிக்கலி..."

தறியில் இழை அறுந்தால் அந்த நொடியே நிறுத்துகிறவர் நைனா. பொறுக்கமுடியாமல் எழுந்துவிட்டார்.

"நிறுத்தும்மா! இழ அறுந்துக்கினே கீது, நீ பாட்டுக்கு ஓட்டிக்கினு கீற! என் தொண்டயே போச்சு!"

மேடம் எனக்கு வேலை தரவில்லை. நைனாவுக்கு ஒரு நெஞ்சு டாக்டரின் முகவரி தந்தார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் வாயிலிருந்து அந்தச் சொல் விழுந்தாலும் எல்லோரும் இருமுவோம். லோன் வேண்டுமா என்று போனில் கேட்ட ஒருவன் பேசிக்கலி என்று ஆரம்பித்ததற்கு அம்மா இருமிய இருமலில், "உடம்பப் பாத்துக்கங்கம்மா" என்று அவனே வைத்துவிட்டான்.

வரும் வியாழக்கிழமை சித்தூரில் இன்னொரு டெமோ. பேசிக்கலி ஒருவழியாக இறங்கிப் போய்விட்டது. அது காலி செய்த சீட்டில் இப்போது 'ஆக்சுவலி'.

இந்த முறை சத்தமே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். நைனாவும் ஒப்புக்கொண்டார். துண்டை மட்டும் அசைப்பாராம். நேற்று அதற்கென்றே தறியிலிருந்து ஒன்றை அறுத்து எடுத்து வந்தார். நல்ல சிவப்பு. ஆறு முழம்.

"கடைசி பெஞ்சுலேர்ந்து உனக்குத் தெரியணும் இல்ல?"