மொட்டைக் கிள்ளத்தான் போகிறேன், சம்பந்தி

கீழ்பென்னாத்தூர்

மதிப்புக்குரிய சம்பந்தி ராமகிருஷ்ணன் அவர்களுக்கு, சகாதேவன் வணக்கம். பிரசவத்துக்கு வந்திருக்கும் என் மகள் கவியாவும் அவள் வயிற்றில் இருப்பதும் அண்ணாமலையார் புண்ணியத்தில் சௌக்கியம். நான்தான் சௌக்கியமில்லை, அதற்கு நீங்கள்தான் காரணம். போனில் கேட்கலாமென்றால், சண்டை சூடாகும் நேரம் பார்த்துச் சம்பந்தியம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். அதனால்தான் தபால்.

போன வருஷம் உங்கள் வேங்கிக்கால் வீட்டில் என் தோட்டத்துப் புகையிலையை வெற்றிலையோடு மென்றுவிட்டு, எல்லோர் முன்னாலும் "என்னங்க, காரம் ரொம்பக் கம்மி, வைக்கோல் மாதிரி இருக்குது" என்றது யார்? அந்த ரோஷத்தில்தான் இந்த வருஷம் உரத்தை அளந்து போட்டு, களை அண்டாமல் பார்த்துப் பார்த்து வளர்த்தேன். பூமொட்டு தலைகாட்டியதும் கிள்ளிவிட்டால்தான் செடியின் சத்தெல்லாம் இலைக்குப் போகும், இலை தடிக்கும், காரம் ஏறும். கிள்ள இறங்குகிறேன், சம்பந்தியம்மாவின் போன்: "பொண்ணு முழுகாம இருக்கறப்ப வூட்ல யாரும் மொட்டைக் கிள்ளக் கூடாதுங்க." ஆள் வைத்துக் கிள்ளுகிறேன் என்றால், "யார் கிள்ளினா என்ன, தோட்டம் உங்களுதுதானே?" பக்கத்துளிரையாவது ஒடிக்கிறேன் என்றேன், அதுவும் பிஞ்சாம்! என் வீட்டுக்காரி வெள்ளையம்மாள் உங்கள் கட்சியில் சேர்ந்து, வரப்பில் நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்துவிட்டாள். கடைசியில் இலை வாங்கும் ஜானி பாஷா, "நான் விலை பேசி முடிச்ச இலை, அப்போ இது என் தோட்டம். எங்க வூட்ல யாரும் முழுகாம இல்ல, நான் கிள்றேன்" என்று இறங்கினார். ஒரு வரிசைகூட முடியவில்லை, அவர் மருமகள் அதீபாவுக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று வீட்டிலிருந்து போன். கிள்ளின மொட்டையே பார்த்துக்கொண்டு நின்றவர், "மன்னிச்சிடுங்க, எங்கம்மாவும் இதையேதான் சொல்லும்" என்று பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

போதும் சம்பந்தி. கவியாவுக்கு முதல் தடவை கலைந்ததே, அப்போது நான் எந்த மொட்டைக் கிள்ளினேன்? வேங்கிக்காலே திரண்டு வந்தாலும் சரி, நாளைக் காலை கிள்ளத்தான் போகிறேன். அண்ணாமலையார் மேல் ஆணை.

மாப்பிள்ளை விமல்ராஜுக்கு என் ஆசி. சம்பந்தியம்மாவுக்குக் கோபம் குறையாத வணக்கம்.

இப்படிக்கு,
யாருக்கும் பயப்படாத
சகாதேவன்

பின்குறிப்பு: எழுதி ஒரு வாரமாகிறது, இன்னும் தபாலில் போடவில்லை. சொன்னபடி மறுநாள் காலை தோட்டத்துக்குப் போனேன். மொட்டில் கை வைத்ததும், அன்றைக்கு ஆஸ்பத்திரியில் கவியா அழுதது ஞாபகம் வந்துவிட்டது. கை வரவில்லை. தோட்டம் முழுக்க ரோஸ் கலரில் பூத்து நிற்கிறது, காரில் போகிறவர்கள் இறங்கிப் போட்டோ எடுக்கிறார்கள். இந்த வருஷமும் இலை வைக்கோல்தான். முதல் கட்டு உங்களுக்குத்தான் வரும். பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு மெல்லுங்கள். காரம் கம்மி என்று ஒரு வார்த்தை வரக் கூடாது.