வெர்மான்ட் தோட்டத்துத் தேர்தல்

காது நன்றாகக் கேட்கிறவர்களால்தான் உலகத்தில் பாதி வம்பு வருகிறது. நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுக் கொழுந்துக்கூடையை மாட்டிக்கொண்ட எனக்கு, காதுதான் புத்தகம்.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்து ஆட்களின் வோட்டை அரசாங்கம் பறித்துப் பத்து வருடம் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரர் வோட்டு வேண்டிப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். காத்திருப்பது அவர் வேலை, கவலைப்படுவது என் வேலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொட்டகலைக் கடைத்தெருவில் பருப்பு வாங்க நின்றேன். கடைக்கார நானா இங்கிலீஷ் பேப்பரைப் பக்கத்துக் கடைக்காரருக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வெர்மான்ட் இஸ்டேட்ல எலக்சன் முடிஞ்சிரிச்சி. நூறு வருஷத்துக்கு மேலா ஜெயிச்சவங்க தோத்துட்டாங்க! இனி அங்க பனி கொட்டுற காலம் வேற."

எனக்குப் பருப்பு மறந்துவிட்டது. ஒரு எஸ்டேட்டில் ஆட்கள் வோட்டுப் போட்டிருக்கிறார்கள்! நூறு வருடமாக ஜெயித்தவர்கள் என்றால் தோட்டத்தை ஆளும் வெள்ளைக்காரத் துரைமார்தானே? ("எந்த ஊருங்க நானா?"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, இதை எழுதுற வேலையே இல்ல.)

எங்கள் வரிசை வீடுகள் இருக்கும் லயத்தில் வந்து சொன்னேன்.

"அது எங்கிட்டுப் புள்ள இருக்கு?" என்றார் மாமியார்.

"பனி கொட்டுதாமே அத்தை. அந்தக் குளுரு புடிச்ச பட்டிப்பொலைக்கு அங்கிட்டுத்தான் இருக்கும்."

செய்தி அடுத்த லயத்துக்குப் போவதற்குள் வெர்மான்ட்டில் எங்களுக்குச் சொந்தக்காரர்கள்கூட இருந்தார்கள்.

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்களத்தில் பெண்கள் எல்லோரும் என்னை முன்னால் தள்ளிவிட்டார்கள்.

"கண்டாக்கையா, வெர்மான்ட் தோட்டத்துல வோட்டுக் குடுத்துட்டாங்களாமே. நமக்கு எப்பங்க?"

வேலை பிரித்துக் கொடுக்கும் கண்டாக்கையாவுக்கு, தனக்குத் தெரியாத தோட்டம் ஒன்று இருப்பதே அவமானம். "காலங்காத்தால கலகம் பண்றியா? பேர வெட்டிருவேன்!"

பேர் போனால் வேலை போகும். வேலை போனால் லயத்து அறை போகும். அறை போனால் மனுவில் எழுதிய விலாசமே போய்விடும்.

அந்த நேரம் பார்த்துத் துரை வந்தார். கண்டாக்கையா இங்கிலீஷில் முறையிட்டார். "வெர்மான்ட்?" என்று கேட்ட துரை, வாயிலிருந்த புகைக்குழாய்ச் சுங்கான் விழுகிற மாதிரிச் சிரித்தார். பிறகு ஏதோ விளக்கினார்.

"அடியே, அது எஸ்டேட்டு இல்ல, ஸ்டேட்டு! அமெரிக்காவுல ஒரு மாகாணம். அங்கத்தைய காங்கிரசுக்கு ஆள் அனுப்புற தேர்தலு!" என்றார் கண்டாக்கையா.

பின்னாலிருந்து மாமியார் குரல்: "அமெரிக்காவுலயுமா கொழுந்தெடுக்கிறாங்க?"

பெரட்டே சிரித்தது. என் பேர் தப்பியது. அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். (நிக்கிற வாயா இது?)

"அங்க கூலிக்கு வேலை செய்ற சனத்துக்கும் வோட்டு உண்டுங்களாய்யா?"

என்ன கேட்கிறாள் என்று துரை கண்டாக்கையாவைப் பார்த்தார். கண்டாக்கையா என்னைப் பார்த்தார். பிறகு இங்கிலீஷில் சுருக்கமாக ஏதோ சொன்னார். துரை வானத்தை அண்ணாந்து பார்த்து, மழை வரும் என்பதுபோலத் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

மனுவுக்கு இன்னும் பதில் இல்லை. தோட்டத்துக்குத் தபால் பை வரும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்: "ஏ புள்ள, வெர்மான்ட் முடிவு வந்திருச்சா பாரு!"

கிண்டல்தான். ஆனாலும் நான் ஒவ்வொரு தடவையும் எழுந்து போய்ப் பார்க்கிறேன்.