உருக வேண்டிய பனிக்கட்டியை நான் காப்பாற்றியது

வேலையை ஒழுங்காகச் செய்தாலும் வேலை போகலாம் என்பதை ஐடிஐயில் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். ஏ.சி. மெக்கானிக் படிப்பில் முதல் மார்க். துபாய்க்கு விமானம் ஏறியபோது, இனி அந்த நாட்டில் எதுவும் கெட்டுப்போகாது என்றே நம்பினேன்.

மீனும் இறைச்சியும் ஏற்றும் ஃப்ரீசர் லாரிக் கம்பெனியில் வேலை. ப்ரொபேஷன் முடியப் பத்து நாள் இருந்தது. "ஒரு கம்ப்ளெயின்ட் வந்தாலும் ஊருக்கு டிக்கெட்தான் தம்பி" என்று சூப்பர்வைசர் சுலைமான் பாய் (கீழக்கரைக்காரர், சிரித்துக்கொண்டேதான் சொல்வார்) எச்சரித்திருந்தார்.

அன்று துபாயின் அல் கூஸ் பகுதியில் டியூட்டி. பழைய கிடங்கொன்றைக் கலைக்கூடமாக மாற்றியிருந்தார்கள். நார்வேயிலிருந்து வந்த பெண் கலைஞர் ஒருவர், ஆர்க்டிக் கடலில் மிதந்த பனிக்கட்டியைக் கொண்டுவந்திருந்தார். வாஷிங் மெஷின் அளவு இருக்கும். அதைச் சுமந்தது எங்கள் ஃப்ரீசர் லாரி.

"நாலு மணிக்கு ஹால்ல இறக்கிட்டு, வண்டியிலயே இரு" என்றார் பாய். அவ்வளவுதான் சொன்னார்.

இறக்கும்போதே எனக்கு ஆச்சரியம். கட்டிக்குள் பொடிப்பொடியாகக் குமிழிகள். காதை வைத்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். ஐஸ் எதற்குப் பேசுகிறது?

ஐந்து மணிக்குத் தண்ணீர் குடிக்க உள்ளே போனேன். ஹாலில் ஆளில்லை. கட்டிக்கு அடியில் குளம்! எங்கள் தொழிலில் ஒரு மணி நேரம் வெளியே கிடந்த மீன் குப்பைக்குத்தான் போகும். கம்ப்ளெயின்ட், டிக்கெட், அம்மாவின் முகம் எல்லாம் வரிசையாகக் கண்ணில் வந்தன. அடிப்பலகையோடு பம்ப் டிராலியில் ஏற்றி, லாரியின் லிஃப்ட் வழியாக உள்ளே தள்ளி, மைனஸ் இருபதில் வைத்துப் பூட்டினேன். (தரையையும் துடைத்தேன். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது.)

ஏழு மணிக்குச் சுலைமான் பாய் ஓடிவந்தார்.

"டேய் முருகேசா! ஐஸைக் காணோம்டா!"

"எங்கிட்ட பத்திரமா இருக்கு பாய்."

"பத்திரமாவா? அது உருகணும்டா! உருகுறதப் பாக்கத்தான் இத்தன பேரு கோட்டு மாட்டிட்டு வந்திருக்காங்க!"

"உருகுறதையா? அதுல பாக்க என்ன இருக்கு பாய்?"

"எனக்கென்னடா தெரியும்! யல்லா, எடு வெளிய!"

எடுத்தேன். ஆனால் மைனஸ் இருபதிலிருந்து வந்த கட்டி லேசில் உருகுமா? பளிங்குக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தது. கூட்டம் முழுக்க அதையே பார்த்தது. ஒரு சரக்கு கெட்டுப்போக வேண்டும் என்று வாழ்க்கையில் முதல்முறையாக வேண்டிக்கொண்டேன். யாரும் என்னைக் கவனிக்காதபோது ஊதியும் பார்த்தேன். முக்கால் மணி நேரம் கழித்து ஒரு சொட்டு விழுந்தது. கைதட்டினார்கள்.

கலைஞர் என்னிடம் வந்தார். ஏன் எடுத்தாய் என்றார்.

"உருகிட்டிருந்துச்சு மேடம்" என்றேன், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

"நாலு நாட்டில் இப்படி வைத்திருக்கிறேன். எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். தூக்கிக்கொண்டு ஓடியவன் நீதான்" என்றார். அந்தத் துணிச்சலில், ஐஸ் ஏன் சத்தம் போடுகிறது என்ற என் சந்தேகத்தைக் கேட்டுவிட்டேன். ஆயிரக்கணக்கான வருடங்களாக உள்ளே அடைபட்ட காற்று இப்போது வெளியேறுகிற சத்தமாம் அது. மறுபடி காதை வைத்தேன். பாய் என் காலரைப் பிடித்து இழுத்தார்.

கலைஞர் எங்கள் மேனேஜருக்கு நல்லவிதமாகவே எழுதினார். வேலை நிலைத்தது. ஆனால் மேனேஜர் முன்ஜாக்கிரதைக்காரர். அன்றிலிருந்து எங்கள் ஆர்டர் படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது: "சரக்கு உருக வேண்டுமா? ஆம் / இல்லை."

போன வாரம் ஷார்ஜாவில் ஒரு மீன் வியாபாரி அதைப் படித்துவிட்டு, "எந்த மடையன்யா இதக் கேக்கச் சொன்னது?" என்றார்.

"ஆபீஸ்ல யாரோ" என்று சொல்லி, 'இல்லை'யில் டிக் போட்டேன். பின்னாலிருந்து சுலைமான் பாய் இருமினார்.