மூணு பெல்லும் மூன்றாம் லெவலும்

கோலார் தங்க வயலில் சுரங்கம் மூடிவிட்டது என்ற செய்தியை இன்றுவரை ஏற்றுக்கொள்ளாத ஒரே மனிதர் எங்கள் மூணு பெல்தான். ஊரே பெங்களூருக்கு ரயில் பிடித்து ஓடிக்கொண்டிருக்க, அவர் மட்டும் மனதளவில் சாம்பியன் ரீப்ஸ் சுரங்க வாயிலில் டியூட்டியில் இருந்தார்.

அங்கே அவருக்கு, ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கி ஏற்றும் கூண்டான கேஜுக்கு மணி அடிக்கும் வேலை. ஒரு பெல் அடித்தால் நில். இரண்டு அடித்தால் இறக்கு. மூன்று அடித்தால், கேஜுக்குள் மனுஷன் இருக்கிறான், பார்த்துப் போ. சுரங்கம் மூடியதும் இந்தச் சட்டத்தை அப்படியே ஊரிகத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த கட்டடத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். ஆறு வீடுகள், மூன்று தளம். அவர் உச்சியில், நாங்கள் தரைத்தளத்தில்.

அவர் வீட்டுக் காலிங்பெல்லை ஒருமுறை அடித்தால் நாற்காலியை விட்டு அசைய மாட்டார். நில் என்றுதானே அர்த்தம்! ஒருநாள் காஸ் சிலிண்டர்காரர் மூச்சிரைக்க மேலே ஏறிப்போய் விவரம் தெரியாமல் இரண்டு முறை அடித்துவிட்டார். கதவு திறந்தது. மூணு பெல் வெளியே வந்தார், அவரைத் தாண்டி விறுவிறுவென்று கீழே இறங்கிப் போய்விட்டார். மூன்று முறை அடித்தால்தான் ‘வாங்க’ என்பார். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கடைக்கு மட்டுமே தெரியும்.

இன்னொரு தொல்லை, அவருடைய லாக் புக். பழுப்பு அட்டை போட்ட நீள நோட்டு. கட்டடத்தில் எது நடந்தாலும் அதில் ஏறிவிடும். ‘காலை 6.10. பால் பாக்கெட் கிழிந்திருந்தது. சந்தேகம்: பூனை.’ சம்பந்தப்பட்டவர்களிடம் கையெழுத்து வேறு வாங்குவார். மோட்டாரை நிறுத்த மறந்ததற்கு நானே நாலு தடவை கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பெங்களூரில் வேலை முடிந்து சாயங்கால ரயிலில் இறங்கி வந்து நான் கேட்டைத் திறந்தால் போதும், மேலேயிருந்து நோட்டும் கையுமாக எட்டிப் பார்ப்பார். சரியான வேவுகாரர் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே உள்ளே போவேன்.

கட்டடத்தின் சொந்தக்காரர் வெளிநாட்டில். எங்களை மேய்த்தது ராபர்ட்சன்பேட்டை பஜாரில் இரண்டு நாற்காலி போட்ட ஒரு கம்பெனி. அதன் மேனேஜர் எதைக் கேட்டாலும் ‘ஆகட்டும்’ என்பார். என் அப்பா சுரங்கத்துக்கு அடியில் வேலை பார்த்தவர். கல்தூசி நெஞ்சில் தங்கிவிட்டது. நாலு படி ஏறினால் ஐந்தாவது படியில் உட்கார்ந்துவிடுவார். நாங்கள் குடிவந்த அன்று மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு, “பெரியவர் இருக்கிற வரிக்கும் கீழ்வீடு அவருதுதான், போதுமா?” என்றார். பக்கத்தில் நின்ற மூணு பெல் சட்டென்று நோட்டை நீட்டி, “அத்த இதுல எழுதி கையெழுத்துப் போடுங்க” என்றார். மேனேஜர் சிரித்துக்கொண்டே போட்டார். நாங்களும் சிரித்தோம்.

இரண்டு வருஷம் கழித்து அந்தக் கம்பெனியை பெங்களூர்க் கம்பெனி ஒன்று வாங்கிவிட்டது. வீட்டுக்கு ஒரு படிவம் வந்தது. பெயர், குடும்பத்தில் எத்தனை பேர், எந்த லெவல். கட்டடத்திலேயே அழகாக இங்கிலீஷ் எழுதக்கூடியவர் மூணு பெல் என்பதால் ஆறு படிவத்தையும் அவர் கையிலேயே கொடுத்தோம். அதுதான் நாங்கள் செய்த தப்பு.

பத்து நாளில் கையெழுத்துப் போட வேண்டும் என்று புது அக்ரிமென்ட் வந்தபோது, அப்பாவுக்கு மூன்றாவது தளம் என்று போட்டிருந்தது. மூணு பெல்லுக்குத் தரைத்தளம். நடுத்தளத்துக்காரர்கள் மட்டும் தப்பித்தார்கள். போன் செய்தால், “எங்க சிஸ்டம்ல நீங்க லெவல் த்ரீதான் சார்” என்று ஒரு பெண் பாட்டுப் பாடுவது போலச் சொன்னாள்.

நான் மேலே ஓடி மூன்று முறை பெல் அடித்தேன்.

“இன்னா மாமா, கீழ்வீட்டைப் போய் லெவல் மூணுன்னு எழுதிக்கீறீங்க?”

“பின்ன? மொட்டை மாடி சர்ஃபேஸ். அதுக்கு அடில என் வீடு, லெவல் ஒண்ணு. உங்க வீடு மூணு. எந்த ஊர்லடா மாப்ள லெவல கீழருந்து எண்ணுவான்?”

சுரங்கத்தில் தரைமட்டம்தான் சர்ஃபேஸ், அங்கிருந்து கீழ்நோக்கித்தான் லெவலை எண்ணுவார்கள். ஆனால் பெங்களூரில் யாரும் சுரங்கத்தில் குடியிருப்பதில்லை என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது?

“தப்பு அவங்களுது. ஷிப்ட் மாறுனா பழைய ஆளும் புது ஆளும் நேருக்கு நேரா நிக்கணும். இறங்கினவன் எல்லாம் மேல வந்துட்டானா, எது பாக்கின்னு வாயால சொல்லி ஒப்படைக்கணும். அத்த செய்யாம காயிதம் அனுப்பினா இப்டித்தான் ஆவும். ரெண்டு பேரையும் இங்க வரச் சொல்லு!”

நாங்கள் யாரும் கையெழுத்துப் போடாததால் கடைசியில் வேறு வழியில்லாமல் வந்தார்கள். பழைய மேனேஜர் ஒருவர். கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய புதுக் கம்பெனி அதிகாரி ஒருவர். லெவல் பிரச்சினையை அதிகாரி ஐந்து நிமிஷத்தில் சரிசெய்தார். நான் மூச்சு விடுவதற்குள் மூணு பெல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அக்ரிமென்ட்டின் ஏழாவது பக்கத்தைப் படித்தார். தேவைப்பட்டால் குடியிருப்பவரை வேறு தளத்துக்கு மாற்றக் கம்பெனிக்கு உரிமை உண்டு என்று ஒரு வரி அதில் இருந்தது. நாங்கள் யாருமே அந்தப் பக்கம் போகவில்லை.

“கீழ்வீடு அவருக்குத்தான்னு பழைய கம்பெனில சொல்லிக்கீறாங்க” என்றார் மூணு பெல்.

“வாய்ப்பேச்சுக்கெல்லாம் நாங்க பொறுப்பில்ல சார். அவங்க வித்துட்டாங்க, முடிஞ்சுது.”

“ஷிப்ட்டு மாறிச்சின்னா உள்ள கீற ஆளு இல்லன்னு ஆயிடுமா? இறக்கினது அவரு. ஏத்த வேண்டியது நீங்க. நடுவுல மனுசன் தொங்கிகினு கீறான்!”

லாக் புக்கைப் பிரித்து நீட்டினார். பழைய மேனேஜர் தன் கையெழுத்தைத் தானே உற்றுப் பார்த்தார். “ஆமா சார், நான் சொன்னதுதான்” என்றார் கம்மிய குரலில். அதிகாரி அப்போதும் தயங்கினார். மூணு பெல் நடந்துபோய் எங்கள் காலிங்பெல்லை மூன்று முறை அழுத்தினார்.

உள்ளேயிருந்து அப்பாவின் இருமல் கேட்டது. பிறகு மூச்சு வாங்கிக்கொண்டே குரல் வந்தது. “உள்ள ஆளு கீது… மெதுவாப் போ.”

அதிகாரி யாரிடமும் அர்த்தம் கேட்கவில்லை. தள்ளிப்போய்ப் பெங்களூருக்கு நீண்ட நேரம் போன் பேசினார். திரும்பி வந்து ஏழாவது பக்கத்தில் அந்த வரியை அடித்துவிட்டு, கீழ்வீடு அப்பாவுக்கே என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மூணு பெல் லாக் புக்கிலும் ஒன்று வாங்கிக்கொண்டார்.

போன மாதம் அவரை ஓசூரிலிருந்து மகள் வந்து கூட்டிப்போனாள். புறப்படும் முன் என்னை எதிரில் நிற்க வைத்து முறைப்படி ஒப்படைத்தார். “மோட்டார் சூடாவுது, பாத்துக்க. பூனை இன்னும் மாட்டல. உங்க நைனாவ ஈரத்துல உக்கார விடாத.” நான் கையெழுத்துப் போட்டேன். ஆட்டோ போனதும் அப்பா, “மச்சான் போய்ட்டானா?” என்று கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவர் என்னிடம் விட்டுப்போன நோட்டைப் புரட்டினேன். பாலும் பூனையும் முடிந்து, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரே வரி இருந்தது. ‘ஆள் பதினேழு. எல்லாரும் வந்தாச்சு.’ சில நாட்களில் மட்டும் அதன் கீழே இன்னொன்று: ‘ரயில் லேட். கீழ்வீட்டுப் பையன் வந்தப்புறம் நோட்டை மூடினேன்.’ அந்த மனுஷனைத்தான் நான் வேவுகாரர் என்று திட்டியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

அன்று சாயங்காலம் எல்லா வீட்டு ஆட்களையும் எண்ணிப் பார்த்துவிட்டு, நானே முதல்முறையாக எழுதினேன்.

‘ஆள் பதினாறு. ஒருத்தர் பாக்கி.’