இன்னும் கொஞ்சம் மெல்லிசு

“இதுவா, மாமா?” என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள் டாக்டர் ஸல்வா.

அவள் மெஷினைத் திருகத் திருக, காதில் மாட்டிய கருவியில் கேட்டது, மொன்ஜியின் தலைக்குள் மூன்று வருடமாகக் கீச்சிடும் சத்தத்தின் இரட்டைப் பிள்ளை. ஆமாம் என்றால் மருந்துச் சீட்டோடு அனுப்பிவிடுவாள். மொனாஸ்தீர் நகரத்தில் அவரை உட்காரவைத்து, என்ன கேட்கிறது என்று அரைமணி நேரம் விசாரிக்க வேறு ஆள் கிடையாது. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். பிரான்ஸில், லியோனிலிருக்கும் மகன் போனில் நலம் கேட்பான். பதில் வருவதற்குள் வைத்துவிடுவான்.

“கிட்டத்தட்ட. இன்னும் கொஞ்சம் மெல்லிசு,” என்றார்.

அது முதல் திங்கட்கிழமை.

அடுத்த வாரம், பழைய ஃப்ரிட்ஜ் முனகுவது போல என்றார். ஒரு நாள் ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டுக் கேட்டுப் பார்க்கச் சொன்னாள். சொன்ன பொய்க்கு மரியாதை செய்ய அணைத்தார். உள்ளேயிருந்த ஒரு கிலோ கணவாய் மீன் நாறி, அதுவரை சலாமாவது சொல்லிக்கொண்டிருந்த கீழ்வீட்டுக்காரியும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மூன்றாம் வாரம், ஆலிவ் மரத்துச் சில்வண்டு என்றார். அதுவும் ஜலதோஷம் பிடித்த சில்வண்டு. தோஸரிலிருந்து தனியாக வந்து வேலை பார்க்கும் அந்தப் பெண் அன்றுதான் முதன்முதலாகச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே குண்டைப் போட்டாள். இப்படி ஒரு நோயாளியைக் கண்டதேயில்லையாம். துனிஸிலிருக்கும் தன் பேராசிரியருக்கு எழுதப்போகிறாளாம்.

பேராசிரியர் இரண்டே நிமிடத்தில் பொய்யைப் பிடித்துவிடுவார். அப்புறம் இவள் முகத்தில் எப்படி விழிப்பது? வாரம் முழுக்க யோசித்து, உண்மையைச் சொல்லிவிடுவதென்று நான்காம் திங்கள் போனார். வராந்தாவில் ஈ காக்கை இல்லை.

“இதுவா, மாமா?”

உற்றுக் கேட்டார். அதே கீச்சு. மயிரிழை வித்தியாசமில்லை.

“இதேதாம்மா.”

ஸல்வாவின் பேனா நின்றது. “நல்லாக் கேளுங்க. கொஞ்சம் மெல்லிசா இல்ல?”

“முப்பது வருஷம் தறி மெஷின் பார்த்தவன்மா. மெஷின் சத்தம் எனக்குத் தெரியாதா?”

அவள் மெதுவாகக் கோப்பை மூடினாள்.

வாசலில் காவலாளி லுத்ஃபியிடம், சத்தம் பொருந்திவிட்டது, இனி வரமாட்டேன் என்று சொல்லிக்கொண்டார் மொன்ஜி.

“எப்படிப் பொருந்தும்?” என்றான் லுத்ஃபி. “மெஷின் புதன்கிழமையே எரிஞ்சுபோச்சே. இன்னைக்கு வரவேணாம்னு எல்லாருக்கும் போன் பண்ணச் சொன்னாங்க டாக்டரம்மா, உங்க ஒருத்தரைத் தவிர.”