ஜிகினாவின் பண்டிகைப் பலகாரங்கள்

திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் பண்டிகைகளுக்கு ஜிகினா விளைவித்த சேதத்தை எந்தப் புயலும் விளைவித்ததில்லை. புயல் வருஷத்துக்கு ஒரு தடவை வரும், அடித்துவிட்டுப் போய்விடும். ஜிகினா பொங்கல், ரம்ஜான், ஆயுத பூஜை, தீபாவளி, கிறிஸ்துமஸ் எதையும் விடமாட்டார். சொந்த மதம், அடுத்த மதம் என்று பாகுபாடே பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே மாதிரி கெடுப்பார்.

தொண்ணூறுகளில் நான் அங்கே ஓர் உர ஏஜென்சியில் குமாஸ்தாவாக இருந்தேன். மேனேஜர், டைப்பிஸ்ட் சரோஜா, நான், குடோனைப் பார்த்துக்கொண்ட ஜிகினா, மொத்தம் நாலே பேர். அவருடைய உண்மையான பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. காலரில், காதோரத்தில், புருவத்தில் எப்போதும் ஜிகினாத் தூள் மின்னும் மனிதரை வேறு எப்படித்தான் கூப்பிடுவது?

அவர் மனைவி மேரி குவைத்தில் நர்ஸ். ஊரெல்லாம் புருஷன்மார் வளைகுடாவுக்குப் போய்ச் சம்பாதிக்க, ஜிகினா வீட்டில் மட்டும் அது தலைகீழாக நடந்தது. அதனால் சமையலும் அவர்தான், பண்டிகைப் பலகாரமும் அவர்தான். அந்த அநியாயம் அவர் வீட்டோடு நின்றிருந்தால் நான் இதை எழுதவே வேண்டியிருந்திருக்காது.

அலங்காரத்துக்கு ஜிகினாத் தூளைத் தவிரக் கடையில் எதுவும் வாங்கமாட்டார். காலி யூரியா சாக்கைப் பிரித்து, இழைகளைச் சாயத்தில் முக்கி, ஆபீஸ் முழுக்கத் தோரணம் கட்டுவார். ஓர் ஆயுத பூஜையன்று அந்தத் தோரணம் மின்விசிறியில் சுற்றிக்கொண்டு, கீழே உட்கார்ந்திருந்த மேனேஜரின் மூக்குக் கண்ணாடியையும் தூக்கிக்கொண்டு மேலே போனது.

"யோவ், எனக்குக் கண்ணு தெரியல. ஃபேன நிறுத்துய்யா" என்று மேனேஜர் தடவினார்.

"கொஞ்சம் அசையாம இருங்க சார், தோரணம் அறுந்துடும்" என்றார் ஜிகினா.

கிறிஸ்துமஸுக்கு ஃபைல் அலமாரிக்குக் கீழே குடில் கட்டுவார். மாட்டுத்தொழுவம், குழந்தை இயேசு, இடையர்கள், பரிசோடு வரும் மூன்று ராஜாக்கள் எல்லாம் இருக்கும். சுற்றிலும் தட்டுகளில் நெல் முளைக்கவைத்து, பெத்லகேமை அசல் நஞ்சை நிலமாக்கிவிடுவார். உரம் வாங்க வரும் விவசாயிகள் வந்த வேலையை மறந்து அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள்.

"என்ன ரகங்க போட்டிருக்கீங்க?" என்று ஒருத்தர் கேட்டார்.

"ஐ.ஆர். இருபதுங்க."

"பயிரு மஞ்சக் கட்டியிருக்கே. ஜிங்க் சல்பேட்டு போடுங்க."

ஜிகினா உடனே குடோனுக்குப் போய் ஒரு பிடி எடுத்துவந்து தூவினார். மறுநாள் காலையில் பெத்லகேம் முழுக்கக் கருகிக் கிடந்தது. மூன்று ராஜாக்களும் வறட்சிச் சேதம் பார்வையிட வந்த அதிகாரிகள் மாதிரி நின்றார்கள்.

இதெல்லாம் கண்ணுக்குத்தான் கேடு. பலகாரம் உயிருக்கே கேடு. அவர் செய்த சர்க்கரைப் பொங்கலில் குத்திய கரண்டியை யாராலும் உருவ முடியவில்லை. பாத்திரத்தோடு தூக்கிக் காட்டிவிட்டு மேனேஜர் அப்படியே மேஜைமேல் வைத்தார். குக்கரில் மணல் கொட்டி வேகவைத்த கேக்கை முகர்ந்து பார்த்த சரோஜா, "கேக்கு வாசன வரல, குக்கர் வளையம் வாசனதான் வருது" என்றாள். தீபாவளி அதிரசத்தை இரண்டு கையாலும் வளைத்துப் பார்த்துவிட்டு நான் சொன்னேன்: "இதுக்கு அரை சோல் அடிச்சா ரெண்டு வருஷம் போட்டு நடக்கலாம்."

நாங்கள் மோசமாகப் பேசுவதில் ஜிகினாவுக்கு வருத்தமே கிடையாது. "ஒளிக்காம சொல்லுங்க சார்" என்று சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து ஒவ்வொரு வார்த்தையையும் எழுதிக்கொள்வார். அடுத்த தடவை திருத்திக்கொள்ளத்தான் எழுதுகிறார் என்று நினைத்தோம். நாலு வருஷம் எழுதினார். அதிரசம் தோல் செருப்பிலிருந்து ரப்பர் செருப்பானதுதான் கண்ட முன்னேற்றம்.

அந்த நாலாவது வருஷம் கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்பு மேரி லீவில் வந்தார். வந்தவர், வேளாங்கண்ணிக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் புருஷனோடு நேராக ஆபீசுக்கே வந்துவிட்டார். கையில் பேரீச்சம்பழ டப்பா. வெளிநாட்டில் உழைக்கும் பெண், தன் புருஷனை நாலு வருஷம் கிண்டல் செய்தவர்களைச் சும்மா விடுவாரா?

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கதான் அரை சோல் சாரா?"

"அது வந்து... தமாஷுக்கு..."

"அவங்க குக்கர் வளையம் மேடம். சார்தான் கண்ணாடி பறந்து போன மேனேஜர். சரிதானே?" என்றார் மேரி.

மேனேஜர் அவசரமாகக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டார். மேரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நாங்க ஆறு பேரு ஒரே ரூம்ல இருக்கோம் சார். பண்டிகை அன்னைக்குத்தான் எங்களுக்கு டூட்டி ஜாஸ்தி. இவரு லெட்டர் வந்தா நான் சத்தமா படிப்பேன். கூட இருக்க மலையாளப் பொண்ணுங்களுக்கு ஒவ்வொண்ணா வெளக்கிச் சொல்லணும். அழுதுகிட்டிருக்கவகூட எந்திரிச்சு வந்து கேப்பா. உங்க மூணு பேரையும் அவங்க அத்தன பேருக்கும் தெரியும்." பிறகு என் பக்கம் திரும்பி, கொஞ்சம் கவலையாகவே கேட்டார்: "போன ரம்ஜானுக்கு நீங்க ஒண்ணுமே சொல்லலைன்னு எழுதியிருந்தாரு. ஏன் சார், ஒடம்பு சரியில்லையா?"

நான் ஜிகினாவைப் பார்த்தேன். "ஏன்யா, அப்ப வேணும்னேதான் கெடுத்தியா?"

"சேச்சே, நல்லா வரணும்னுதான் சார் செய்வேன்" என்றார் அவர், உண்மையாகவே புண்பட்டு. "வரலைன்னா, சரி, லெட்டருக்கு ஆச்சுன்னு விட்டுடுவேன்."

அன்று ஜிகினா செய்து கொண்டுவந்திருந்தது கலகலா. மாவைச் சோழி மாதிரி உருட்டிப் பொரித்து, சர்க்கரைப் பாகில் புரட்டியது. மேரி கலகலா டப்பாவைத் திறந்து முதலில் என்னிடம்தான் நீட்டினார். ஒன்றை வாயில் போட்டேன். பல் இறங்கவில்லை. ஆனால் குவைத்திலிருந்து வந்த பெண்ணின் எதிரில் குறை சொல்ல மனசு வரவில்லை.

"நல்லா இருக்கு" என்றேன்.

நோட்டை விரித்து வைத்திருந்த ஜிகினாவின் முகம் வாடிப்போனது. மேரியும் ஏமாந்துபோய்ப் பார்த்தார்.

"நல்லா இருக்கு," இன்னொரு கலகலாவைக் கையில் எடுத்துக்கொண்டு தொடர்ந்தேன், "பல்லாங்குழி ஆட. எத்தன வருஷம் ஆடினாலும் தேயாது."

மேரி வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துச் சிரித்துப் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது, அது வெறும் சிரிப்பு இல்லை என்று சரோஜாவுக்குத்தான் முதலில் புரிந்தது. எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஜிகினா குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே இருக்கும் பெண்டாட்டிக்கு எதற்கு லெட்டர் என்று யாரும் கேட்கவில்லை.

மறு வருஷம் ஜிகினாவுக்கும் விசா கிடைத்தது. அதே குவைத்தில் ஏதோ ஓர் ஆஸ்பத்திரி சமையல்கட்டில் வேலை. அங்கே படுத்திருக்கும் நோயாளிகளுக்காக நாங்கள் மனமாரப் பிரார்த்தித்தோம்.

அடுத்து வந்த பொங்கலுக்கு மேனேஜர் கும்பகோணத்துக்கு ஆள் அனுப்பி, பேர்போன கடையில் நெய் மைசூர்பாகு வாங்கிவரச் சொன்னார். வாயில் வைத்ததும் கரைந்தது. ஆளுக்கு இரண்டு தின்றோம். சொல்வதற்கு யாருக்கும் ஒன்றும் இல்லை. அன்று எல்லாரும் சீக்கிரமே வீட்டுக்குப் போய்விட்டோம்.