தாது மேலே வர மூன்று வழி

வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கையில் மேலாளர் கையெழுத்துப் போடாவிட்டால், புது இன்ஜினியரான அவளுக்கு வேலை நிரந்தரமாகாது. சுரங்கத்தில் வெட்டிக் குவித்த தாதுவை எப்படி மேலே ஏற்றுவது? மூன்று வருடமாக இதே கேள்வி. அவளுக்கு முன்னால் மூன்று இன்ஜினியர்கள் ஓடிப்போனார்கள். அறிக்கை முடியாமல் இன்ஜினியர் கீழே இறங்கக் கூடாது என்று ஒரு விதி வேறு.

"லாரி விடலாம் சார். சரிவா பாதை வெட்டணும்."

"புகை?"

"காத்துக்குத் தனியா ஒரு குழி தோண்டணும்."

"குழி தோண்டுறதுன்னா லாரி எதுக்கு? அதுலயே பெரிய வாளி விட்டு இழுத்துடலாமே!"

தன் மூளையில் தானே சொக்கிப்போனார் மேலாளர்.

மறுநாள் வாளி. பாறை உறுதியாக இருந்தது ஒரே இடத்தில்தான். வரைபடத்தில் குழியின் வாய் நேராக மேலாளர் நாற்காலிக்கடியில் திறந்தது.

"கொஞ்சம் வளைச்சு விடும்மா."

"கயிறு வளையாது சார். நாற்காலியை நகர்த்தலாம்."

"அதுவும் வளையாது."

புதன்கிழமை கன்வேயர் பெல்ட். செங்குத்தாகப் போட்டால் கல் உருளும் என்று சரிவைக் குறைத்தாள். குறைக்கக் குறைக்க பெல்ட் நீண்டு, பக்கத்து ஊர் பஸ் நிலையத்தில் தலையை நீட்டியது.

"உங்க வீட்டுல நீதான் முதல் பட்டதாரியாமே? அதான்..."

"அதான் சார், படிச்சதை இன்னும் நம்பித் தொலைக்கிறேன்!"

அவர் எழுந்து விளக்கைப் போட்டார். பட்டப்பகல்தான். ஜன்னலை அடைத்துக்கொண்டு கேன்டீன் பின்னால் ஒரு கருங்குன்று.

"போன மாசம் வானம் தெரிஞ்சுதே சார்?"

"மலைன்னா வளரத்தான் செய்யும். வேலையைப் பாரு."

எரிச்சலோடு வெளியே வந்தாள். ஷிப்ட் முடிந்து, ஆள் மட்டும் ஏறும் சுரங்க லிப்ட் கூண்டிலிருந்து ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு தூக்குச்சட்டி, தோள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"சாப்பிட்ட பிறகுமா இவ்வளவு கனம்?"

"வீட்டுல பாசம் ஜாஸ்தி தாயி," என்றார் கூண்டுக்காரர்.

வியாழக்கிழமை வெறுத்துப்போய் மூன்றையும் சேர்த்தாள். லாரியில் ஏற்றி, பெல்ட்டில் கொட்டி, வாளியில் இழுப்பது. மேலாளருக்கு ஒரு வரியும் புரியவில்லை. உடனே கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை காலை, அளவு நாடாவோடு முதல் முறையாகக் கீழே இறங்கினாள். டார்ச்சை நாலா பக்கமும் அடித்தாள். பெருக்கித் துடைத்த கூடம் மாதிரிக் கிடந்தது சுரங்கம்.

"அண்ணே, தாது எங்க?"

கூண்டுக்காரர் தலையைச் சொறிந்தார்.

"நீங்க முடிவு பண்றதுக்குள்ள தூக்குச்சட்டியிலயே எல்லாத்தையும் மேல கொண்டுபோயி கேன்டீன் பின்னால கொட்டிட்டோம் தாயி. உன் வேலை நிலைக்கணும்னா சொல்லு, திரும்ப உள்ள இறக்கிடறோம்."